சாய்வான சீலிங்கின் கீழ் மூலை மோல்டிங் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீலிங் சாய்ந்திருக்கும் அறையில் கிரவுன் மோல்டிங் (சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் சரிவாக நிற்கும் அலங்காரப் பட்டை) ஓட்டுபவர்களுக்கு நீளமான ஓட்டங்களில் தொல்லை இல்லை. எல்லாத் தொல்லையும் மூலைக்கு வந்ததும்தான் தொடங்கும். பதில்களுக்குப் போகுமுன் சில சொற்கள்.

சீலிங் தாழ இறங்கி வந்து முடியும் சுவரைத் தாழ்சுவர் என்கிறோம். அங்கே சுவரும் சீலிங்கும் சேரும் கோடு மட்டமாக ஓடும். அதற்குக் குறுக்கே நிற்கும் சுவரில் அந்தக் கோடு சரிந்து ஏறும். அது முக்கோணச் சுவர். மோல்டிங் சுவரில் எவ்வளவு கீழே வருகிறதோ அது இறக்கம். சீலிங்கில் எவ்வளவு வெளியே வருகிறதோ அது நீட்டம். எடுத்துக்காட்டுகளில் எல்லாம் 50 மி.மீ. இறக்கமும் 50 மி.மீ. நீட்டமும் உள்ள மோல்டிங்கையே வைத்துக்கொள்வோம். சீலிங் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அது வாட்டம். எடுத்துக்காட்டுகளில் அது 300 மி.மீ. கிடை நீளத்துக்கு 100 மி.மீ. ஏற்றம், அதாவது 18.4 பாகை.

இரண்டு துண்டையும் சரியாக 45 பாகையில் வெட்டியும் மூலையில் ஏன் சேரவில்லை?

வெட்டு சரிதான். துண்டுகள் உட்கார்ந்திருக்கும் விதம்தான் வேறு வேறு.

முக்கோணச் சுவருக்கும் சீலிங்குக்கும் இடையே, கோட்டுக்குக் குறுக்காக அளந்தால், 90 பாகை இருக்கும். சீலிங் எவ்வளவு சாய்ந்தாலும் இது மாறாது. தாழ்சுவரில் அப்படி இல்லை. அங்கே சீலிங் சுவரை விட்டு விலகி மேலே ஏறுவதால் கோணம் 90 உடன் வாட்டமும் கூடி 108.4 பாகை ஆகிவிடுகிறது. 90 பாகைக்கென்று செய்த மோல்டிங் அந்த அகன்ற கோணத்துக்குள் சரிந்து உட்காரும். ஒரே அச்சில் வார்த்த மோல்டிங்தான், ஆனால் ஒரு சுவரில் ஒரு சாய்வில் நிற்கிறது, பக்கத்துச் சுவரில் வேறு சாய்வில் நிற்கிறது. இப்படி நிற்கும் இரண்டின் வளைவுகளும் எந்தக் கோணத்தில் வெட்டினாலும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. ரம்பத்தின் கோணத்தை அரைப் பாகை, கால் பாகை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதில் மரம் தீருமே தவிர மூலை சேராது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது “எத்தனை பாகையில் வெட்டுவது” என்பதல்ல. “இரண்டு சுவரிலும் மோல்டிங்கை ஒரே மாதிரி எப்படி நிறுத்துவது” என்பதுதான். அது தீர்ந்துவிட்டால் மூலை சாதாரண மூலையாகிவிடும்.

வாட்டத்தை எப்படி அளப்பது?

டிஜிட்டல் கோணமானி இருந்தால் சீலிங்கில் ஒட்டிவைத்துப் படித்துவிடலாம். இல்லாவிட்டால் ரசமட்டமும் டேப்பும் போதும். 600 மி.மீ. ரசமட்டத்தின் ஒரு முனையைச் சீலிங்கில் தொட வைத்து, குமிழி நடுவில் நிற்கும்படி பிடியுங்கள். மறுமுனையிலிருந்து செங்குத்தாகச் சீலிங் வரை அளந்து, அதில் பாதியை எடுத்தால் 300-க்கான ஏற்றம் கிடைக்கும்.

- 50 என்றால் 9.5 பாகை
- 75 என்றால் 14.0 பாகை
- 100 என்றால் 18.4 பாகை
- 125 என்றால் 22.6 பாகை
- 150 என்றால் 26.6 பாகை
- 200 என்றால் 33.7 பாகை
- 250 என்றால் 39.8 பாகை
- 300 என்றால் 45 பாகை

ஏற்றத்தை 300-ஆல் வகுத்து வருவதை ‘விகிதம்’ என்று குறித்துக்கொள்ளுங்கள் (100 என்றால் 0.333). கீழே பல கணக்குகளில் அது வரும். ஒவ்வொரு மூலையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரே அறையில் ஒரு பாகை வித்தியாசம் சர்வ சாதாரணம். 70 மி.மீ. அகலமான முகத்தில் ஒரு பாகைத் தவறு 1.2 மி.மீ. இடைவெளியாகத் தெரியும்.

என்னென்ன வழிகள் உண்டு? எதை எடுப்பது?

வாட்டம் 20 பாகை வரை என்றால் ஆப்புப் பட்டை வழி. மூலை சுத்தமாக வரும், வெட்டும் எளிது. அதைவிடச் சாய்வானால், 30 பாகை வரைக்கும், இடைத்துண்டு வழி. மூலையில் ஒரு சிறு முக்கோணத் துண்டு சேர்ந்தாலும் கண்ணுக்கு இயல்பாகவே இருக்கும். மோல்டிங்கில் பூவேலையோ நுணுக்கமான வளைவுகளோ அதிகம் இருந்தால் மூலைக்கட்டை, அதாவது இரண்டு மோல்டிங்கும் வந்து முட்டும்படி மூலையில் நிற்கும் ஒரு கட்டை. எளிமையான அறைக்குத் தட்டைப் பலகையே போதும். பல சாய்வு அறைகளுக்குக் கிரவுன் மோல்டிங்கைவிட அதுதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

ஆப்புப் பட்டை வழி எப்படி?

தாழ்சுவரில் கோணம் 108.4 ஆகிவிட்டது அல்லவா? அந்தக் கூடுதல் 18.4 பாகையை ஒரு மரப் பட்டையால் அடைத்து மறுபடி 90 ஆக்கிவிடுவதுதான் இந்த வழி. பட்டையின் குறுக்குவெட்டு ஓர் ஆப்பு போல, மேலே கூர்மையாகவும் அடியில் தடித்தும் இருக்கும்.

சுவரில் ஒட்டும் பக்கம் 60 மி.மீ. என்று வைத்தால், அடித் தடிமன் 60 × 0.333 = 20 மி.மீ. முன்முகம் 63 மி.மீ. வரும். மோல்டிங்கின் இறக்கம் 50 போக, அடியில் 13 மி.மீ. பட்டை வெளியே தெரியும். அதைச் சுவரின் நிறத்திலேயே பூசிவிட்டால் கண் அதைக் கவனிப்பதில்லை.

பட்டையை மேசை ரம்பத்தில் வாட்டக் கோணத்துக்குச் சாய்த்து அறுக்கலாம். அகலமான பலகையிலிருந்து அறுத்தெடுங்கள். மெல்லிய ரீப்பரை நிமிர்த்திவைத்து அறுப்பது கைக்கு ஆபத்து. மேல் கூர்முனை 1 மி.மீ. தடிமனில் மழுங்கி இருக்கட்டும். கத்தி போல விட்டால் ஆணி அடிக்கும்போதே சிம்பு தெறிக்கும். சுவர் மூலையில் பூச்சு சற்றுத் தடித்திருந்தாலும் கூர்முனை அதில் இடித்து நிற்கும்.

இனி வரிசை:

1. ஆப்புப் பட்டையைத் தாழ்சுவரின் முழு நீளத்துக்கும், ஒரு முக்கோணச் சுவரிலிருந்து மறு முக்கோணச் சுவர் வரை ஓட்டுங்கள். பசையும் திருகும் சேரட்டும்.
2. பட்டையின் முன்முகத்துக்கும் சீலிங்குக்கும் இடையே மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். 90 பாகை இருக்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் இப்போதே இழைப்புளியால் சீவித் திருத்துங்கள். மோல்டிங் ஏறிய பிறகு திருத்த முடியாது.
3. தாழ்சுவர் மோல்டிங்கை இரண்டு முனையும் நேர்வெட்டாக வெட்டி, முக்கோணச் சுவர்களில் முட்டும்படி பட்டையின்மேல் பொருத்துங்கள்.
4. முக்கோணச் சுவர் மோல்டிங்கின் கீழ்முனையைச் சாதாரண உள்மூலைக்கு வெட்டுவதுபோல 45 பாகையில் வெட்டி, வெளிப்பட்ட வளைவுக் கோட்டை ஒட்டிக் கோப்பிங் ரம்பத்தால் (வளைவாக அறுக்கும் மெல்லிய கை ரம்பம்) பின்பக்கம் குடைந்தெடுங்கள்.

குடைந்த துண்டு முதல் துண்டின் முகத்தில் அப்படியே கவ்விக்கொள்ளும். சீலிங், பட்டையின் முகம், முக்கோணச் சுவர் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகிவிட்டன. மட்டமான அறையின் மூலையை அப்படியே சாய்த்து வைத்தது போல, அவ்வளவுதான்.

ஒற்றைச் சாய்வு அறையில் உயரமான சுவரும் ஒன்று இருக்கும். அங்கே கணக்கு தலைகீழ்: கோணம் 90-க்குக் குறைந்து 71.6 ஆகியிருக்கும். ஆப்பையும் தலைகீழாக்கி, தடித்த பக்கத்தைச் சீலிங்கில் வையுங்கள். 50 மி.மீ. இறக்கத்துக்குச் சுவர்ப் பக்கம் 53, மேல் அகலம் 17 மி.மீ. மோல்டிங் அதை முழுவதும் மறைத்துவிடும்.

மைட்டர் ரம்பத்தில் மோல்டிங்கை எப்படி வைப்பது? இங்கேதான் குழம்பிவிடுகிறது.

மைட்டர் ரம்பம் என்பது வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வெட்டும் ரம்பம். அதன் மேசையைச் சீலிங் என்றும், பின்தடுப்பைச் சுவர் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். மோல்டிங்கின் சீலிங் விளிம்பு மேசையில், சுவர் விளிம்பு தடுப்பில். அறையில் இருப்பதற்குத் தலைகீழாக நிற்கும். இந்த நிலையில் 90 பாகை உள்மூலைக்கு ரம்பத்தை 45-க்குத் திருப்பினால் போதும், சாய்க்க வேண்டாம். உள்மூலைத் துண்டில் எப்போதும் சுவர் விளிம்புதான் நீளமாக இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் இடம் வலம் மாறாது.

ஒரே சுவரிலேயே மோல்டிங் திசை மாறும் இடங்களுக்கு, அதாவது முகட்டுக்கும் இடைத்துண்டுக்கும், மோல்டிங்கை உருட்டிவையுங்கள்: சுவர் விளிம்பு மேசையில், சீலிங் விளிம்பு தடுப்பில். இப்போது ரம்பத்தைத் திருப்பும் கோணமே சுவர் தளத்தில் வரும் கோணம்.

மோல்டிங் பெரிதாகி நிமிர்த்திவைக்க முடியாவிட்டால் படுக்கவைத்து வெட்டலாம். அப்போது ரம்பத்தைத் திருப்பவும் வேண்டும், சாய்க்கவும் வேண்டும். 90 பாகை மூலைக்கு, சுவரோடு 45 பாகையில் நிற்கும் மோல்டிங்குக்குத் திருப்பம் 35.3, சாய்ப்பு 30. சுவரோடு 38 பாகையில் நிற்பதற்குத் திருப்பம் 31.6, சாய்ப்பு 33.9. எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு வெட்டுத் துண்டை மூலைமட்டத்தின் உள்பக்கம் வைத்து, மட்டத்தின் இரண்டு கரத்திலும் அது தொடும் தூரத்தை அளந்து பாருங்கள். இறக்கமும் நீட்டமும் சமமானால் 45. இறக்கம் கூடுதலாக இருந்தால் அநேகமாக 38.

இடைத்துண்டு வழி எப்படி?

இங்கே ஆப்புப் பட்டை கிடையாது. தாழ்சுவரில் மோல்டிங், சீலிங் மட்டமாக இருப்பதாகவே பாவித்து நிற்கும். மூலை திரும்பி முக்கோணச் சுவருக்குள் ஒரு சிறு துண்டாக மட்டமாகவே நுழையும். அங்கிருந்து இன்னொரு இணைப்பில் மேல்நோக்கித் திரும்பிச் சாய்வைப் பிடிக்கும். ஒரே சிக்கலான திருப்பத்தை இரண்டு எளிய திருப்பங்களாகப் பிரிப்பதுதான் இதன் சூட்சுமம்.

முதலில் தாழ்சுவர் மோல்டிங். அதன் சீலிங் விளிம்பு மட்டமானது, சீலிங்கோ ஏறுவது. விளிம்பின் உள்முனை முதலில் இடித்து, முன்முனையில் இடைவெளி விழும். அதனால் விளிம்பை வாட்டக் கோணத்துக்கு இழைப்புளியால் சரிவாகச் சீவ வேண்டும். விளிம்பு 10 மி.மீ. அகலம் என்றால் உள்முனையில் 3.3 மி.மீ. போகும், முன்முனையில் ஒன்றும் போகாது.

அடுத்து, அது சுவரில் எங்கே நிற்க வேண்டும்? இறக்கத்திலிருந்து நீட்டத்தையும் விகிதத்தையும் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும்: 50 − (50 × 0.333) = 33 மி.மீ. சீலிங் மூலையிலிருந்து 33 மி.மீ. கீழே தாழ்சுவர் நெடுகக் கோடு போடுங்கள். மோல்டிங்கின் அடிவிளிம்பு அந்தக் கோட்டில் நிற்கும். 50 என்று குறித்துவிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் முன்விளிம்புக்கும் சீலிங்குக்கும் நடுவே 17 மி.மீ. வாய் பிளந்து நிற்கும்.

முக்கோணச் சுவரில் 50 மி.மீ. இறக்கத்தைச் சரிவுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும், தூக்குக்குண்டு திசையில் அல்ல. தூக்குத் திசையில் அளப்பதானால் 52.7 மி.மீ.

இடைத்துண்டின் ஒரு முனை வழக்கமான 45 பாகை உள்மூலை வெட்டு. மறுமுனை வாட்டத்தில் பாதி, அதாவது 9.2 பாகை. சாய்வில் ஏறும் துண்டின் கீழ்முனையும் அதே 9.2 பாகை. இரண்டு வெட்டும் மேலே ஒரு புள்ளியில் சந்திக்கும்படி விட்டால் இடைத்துண்டு முக்கோணமாகும். அதன் அடி நீளம் நீட்டம் 50 + இறக்கம் 50 × 0.162 = 58 மி.மீ. (0.162 என்பது 9.2 பாகையின் டான் மதிப்பு.) இந்த அளவில் மேல்புள்ளி சரியாகச் சீலிங்கைத் தொடும். நீளத்தைக் கூட்டினால் துண்டின் மேல் ஒரு கறுத்த முக்கோண இடைவெளி தெரியும். இடைத்துண்டின் மேல்முதுகையும் தாழ்சுவர்த் துண்டைப் போலவே சற்றுச் சீவ மறக்காதீர்கள்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. மேலே 33 என்று வந்த எண் 15-க்குக் கீழே போனால் ஆணிக்கு இடமில்லை. நம் 50 × 50 மோல்டிங்குக்கு 33.7 பாகை வாட்டத்தில் அது 17 ஆகிவிடும், 45 பாகையில் பூச்சியம். 38 பாகை வகை இங்கே கைகொடுக்கும். 90 மி.மீ. அகலமான அந்த வகையில் இறக்கம் 71, நீட்டம் 55, 33.7 பாகை வாட்டத்திலும் 34 மி.மீ. மிஞ்சும்.

இடைத்துண்டு இத்தனை சிறியதாக இருக்கிறதே, ரம்பத்தில் பறந்துவிடுகிறதே?

நீளமான துண்டின் முனையில் 45 பாகை வெட்டை முதலில் போடுங்கள். பிறகு அந்த நீளத் துண்டைக் கிடுக்கியால் இறுக்கி, கடைசியாக 9.2 பாகை வெட்டில் இடைத்துண்டைப் பிரித்தெடுங்கள். ரம்பம் முழுதும் நின்ற பிறகே தலையை உயர்த்த வேண்டும். சுழலும் பல்லில் பட்டுத்தான் சிறு துண்டு பறக்கிறது. விரலால் பிடிக்கவே வேண்டாம். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமானால் கடைசி வெட்டை மைட்டர் பெட்டியில் கை ரம்பத்தால் போடலாம். இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

சுவரில் ஏற்றுமுன், மேசையிலேயே இடைத்துண்டைச் சாய்வுத் துண்டோடு ஒட்டிவிடுங்கள். மரத்துக்கு வெள்ளைப் பசை, எம்.டி.எஃப். என்றால் உடனே பிடிக்கும் சூப்பர் பசை. முகப்பில் மறைப்பு டேப்பை இழுத்து ஒட்டினால் இணைப்பு இறுகி நிற்கும். இதில் ஆணி கூடாது, பிளந்துவிடும்.

கிரவுன் மோல்டிங் வேண்டாம், தட்டைப் பலகை போதும் என்றால்?

வேலை பாதியாகக் குறையும், ஆனால் ஒரு கணக்கு காத்திருக்கிறது. 90 மி.மீ. அகலமான பலகை சாய்ந்து ஏறும்போது, மூலையில் செங்குத்தாக அளந்தால் அதன் உயரம் 90 ÷ 0.949 = 95 மி.மீ. (0.949 என்பது 18.4 பாகையின் கொசைன் மதிப்பு.) தாழ்சுவரிலும் 90 மி.மீ. பலகையையே வைத்தால் அடிவிளிம்புகள் 5 மி.மீ. ஏறி இறங்கி நிற்கும்.

எனவே தாழ்சுவர்ப் பலகையை 95 மி.மீ. முகப்பு அகலத்தில் அறுத்து, மேல்விளிம்பை 18.4 பாகைக்குச் சரிவாக்குங்கள். பலகை 15 மி.மீ. தடிமன் என்றால் முகப்பு 95, சுவர்ப் பக்கம் 90 என்று வரும். இது முதலில் ஏறட்டும். முக்கோணச் சுவர்ப் பலகையின் முனையை 18.4 பாகையில் தூக்கு வெட்டாக (பொருத்தியபின் செங்குத்தாக நிற்கும் வெட்டு) வெட்டி இதன் முகத்தில் முட்டினால் அடிவிளிம்புகள் ஒரே புள்ளியில் சேரும். 26.6 பாகை வாட்டத்துக்கு 0.949-க்குப் பதில் 0.894, முகப்பு 100.6 மி.மீ.

மூலைக்கட்டை எந்த அளவில் வேண்டும்?

நீட்டத்தைவிட 10 மி.மீ. அகலமாக, நம் மோல்டிங்குக்கு 60 × 60 மி.மீ. கட்டை. அதன் தலையை 18.4 பாகைக்குச் சரித்து வெட்டினால் சுவர் மூலைப் பக்கம் 50 மி.மீ. உயரமும், அறையை நோக்கி ஏறும் பக்கம் 70 மி.மீ. உயரமும் வரும். தாழ்சுவர் மோல்டிங் நேர்வெட்டாகக் கட்டையில் முட்டும். மேல்விளிம்பைச் சீவுவதும் 33 மி.மீ. கோடும் இடைத்துண்டு வழியில் சொன்னபடியே. முக்கோணச் சுவர் மோல்டிங் 18.4 பாகைத் தூக்கு வெட்டாக முட்டும். இரண்டின் அடிவிளிம்பும் கட்டையின் அடியிலிருந்து ஏறக்குறைய 17 மி.மீ. மேலே, ஒரே உயரத்தில் நிற்கும். வளைவுகள் சேர வேண்டிய கட்டாயமே இல்லாததால் புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம்.

முகட்டில் இரண்டு துண்டும் சேரும் இடம்?

சுவர் விளிம்பு மேசையில் இருக்க, ஒவ்வொன்றையும் வாட்டக் கோணத்திலேயே (18.4) வெட்டுங்கள். இணைப்பு நட்டமாக நிற்கும். இரண்டு பக்க வாட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு பிசகும். அப்போது முகட்டுக் கோணத்தைச் சரிமட்டத்தால் (கோணத்தைப் படியெடுக்கும் கருவி) எடுத்து, அதைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டில் இரண்டையும் வெட்ட வேண்டும். முகட்டில் உத்தரம் ஓடினால் இரண்டு துண்டும் தூக்கு வெட்டாக உத்தரத்தில் முட்டி நின்றுவிடும்.

சாய்வு முடிந்து மேலே சீலிங் மட்டமாகிறது. அங்கே?

ஒவ்வொரு துண்டிலும் வாட்டத்தில் பாதி, 9.2 பாகை. சாய்வுத் துண்டை மட்டும் 18.4-இல் வெட்டி மட்டத் துண்டை நேராக விட்டால், ஒரு வெட்டு முகம் 52.7 மி.மீ., மற்றது 50 மி.மீ. வளைவுகள் விலகிப் படி விழும். பாதிப் பாதி பிரித்தால்தான் இரண்டு முகமும் சமம்.

வெளிமூலையில்?

அறைக்குள் நீண்டு நிற்கும் தூண், புகைபோக்கி போன்றவற்றில் ஒரு முகம் சாய்வின் மேல்பக்கம் பார்க்கும், ஒன்று கீழ்பக்கம் பார்க்கும். ஒன்றில் கோணம் 108.4, மற்றதில் 71.6. வெளிமூலையில் ஆப்புப் பட்டையின் முனை வெளியே தெரிவதால் அந்த வழி அழகாக இராது. தூணின் ஒவ்வொரு மூலையிலும் கட்டை வைப்பதுதான் சரி. சிறிய தூண் என்றால் மோல்டிங்கைச் சுற்றாமல், பக்கத்துச் சுவரிலேயே முனையை 45 பாகையில் உள்மடித்து முடித்துவிடலாம்.

நான்கு சுவரிலிருந்தும் சீலிங் சாய்ந்து ஏறுகிறது. இதே பாடுதானா?

இல்லை. நான்கு பக்கமும் ஒரே வாட்டம் என்றால் எல்லாச் சுவரும் தாழ்சுவர்தான். மோல்டிங் எங்கும் மட்டமாகவும் ஒரே நிலையிலும் நிற்கும். மேல்விளிம்பைச் சீவி 33 மி.மீ. கோட்டில் வைத்து, மூலைகளைச் சாதாரண 45 பாகையில் வெட்டுங்கள்.

ஆணி எங்கே பிடிக்கும்?

தாழ்சுவரில் கவலையில்லை, சட்டமும் கைமரங்களின் முனைகளும் அங்கே இருக்கும். முக்கோணச் சுவரில்தான் ஏமாற்றம். கைமரங்கள் அந்தச் சுவருக்கு இணையாக ஓடுவதால், சீலிங் விளிம்பில் அடிக்கும் ஆணி வெறும் பலகைக்குள் போய்த் தொங்கும். எனவே மோல்டிங்கின் முதுகுப் பொந்தில் அடங்கும் முக்கோணச் சட்டம் ஒன்றை முதலில் சுவரோடு திருகி, அதில் மோல்டிங்கை அடிக்க வேண்டும். சட்டம் பொந்தைவிட 3 மி.மீ. சிறிதாக இருக்கட்டும், முட்டினால் மோல்டிங் உட்காராது. ஆணி கெட்டி மரத்துக்குள் 25 மி.மீ. இறங்க வேண்டும். செங்கல், கான்கிரீட் சுவரில் இந்தச் சட்டத்தையே பிளக் போட்டு 400 மி.மீ.க்கு ஒன்றாகத் திருகுங்கள். இணைப்பிலிருந்து 50 மி.மீ.க்குள் அடிக்கும் ஆணிக்கு முன்துளை அவசியம்.

எல்லாம் செய்தும் 2 மி.மீ. இடைவெளி. என்ன தவறு?

இடைவெளி எங்கே திறந்திருக்கிறது என்று பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லும். அடியில் சேர்ந்து மேலே திறந்தால், வெட்டும்போது மோல்டிங் ரம்பத்தில் சரிந்திருக்கிறது. மேசையில் ஒரு நிறுத்துக்கட்டை ஒட்டி மறுபடி வெட்டுங்கள். மேலே சேர்ந்து அடியில் திறந்தால் சுவர்ப் பூச்சு மூலையில் தடித்திருக்கும். பூச்சைச் சுரண்டிப் பாருங்கள், மோல்டிங்கைத் தொடாதீர்கள். முழுவதும் சீராகத் திறந்தால் துண்டு குட்டை, வேறு வழியில்லை. வளைவு மட்டும் விலகி, இரு விளிம்பும் சேர்ந்திருந்தால் முதல் கேள்விக்கே திரும்பிப் போங்கள்: இரண்டு துண்டும் ஒரே நிலையில் நிற்கவில்லை.

பெயின்ட் அடிக்கும் மோல்டிங்கில் 2 மி.மீ. வரை அக்ரிலிக் சீலன்ட் தாங்கும். அதற்கு மேல் நிரப்பினால் காய்ந்து உள்வாங்கி வெடிக்கும். மரச் சீவலைப் பசையோடு செருகி, உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்துங்கள். வார்னிஷ் அடிக்கும் மரத்துக்கு எந்த நிரப்பியும் மறைப்பாகாது. அதில் மூலைக்கட்டைதான் நிம்மதி.

பாலியூரித்தேன், ஜிப்சம் மோல்டிங்குக்கும் இதே கணக்கா?

வடிவக் கணக்கு அதுவேதான். பாலியூரித்தேனை நுண்பல் ரம்பத்தால் வெட்டி அதற்குரிய பசையால் ஒட்டலாம். விளிம்பைச் சீவ இழைப்புளி வேண்டாம், தட்டைக் கட்டையில் சுற்றிய உப்புத்தாள் போதும். ஜிப்சத்தில் இணைப்பை 3 மி.மீ. விட்டே சேர்த்து, ஜிப்சக் கலவையால் நிரப்பி வளைவை இழுத்துவிடலாம். அந்த வசதி மரத்துக்குக் கிடையாது.

எவ்வளவு வாங்க வேண்டும்?

முக்கோணச் சுவருக்குத் தரை அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தரையில் 2400 மி.மீ. என்றால் 18.4 பாகைச் சாய்வில் 2530 மி.மீ. ஆகும், 26.6 பாகையில் 2685. மொத்த நீளத்துக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும், அதற்கும் மேலே ஒரு மூலைக்கு 600 மி.மீ. வீதம் சோதனைத் துண்டுகளுக்கும் சேர்த்து வாங்குங்கள். அந்த 600-இல் இரண்டு 300 மி.மீ. துண்டுகளை வெட்டி, மூலையில் கையால் பிடித்துப் பார்த்து, சரியாகச் சேர்ந்த பிறகே நீளத் துண்டில் ரம்பம் வைக்க வேண்டும். சரிவந்த சோதனைத் துண்டின் முதுகில் சுவரின் பெயரையும் ரம்பக் கோணத்தையும் பென்சிலால் எழுதிவையுங்கள். எதிர் மூலைக்கு அதுவே அச்சு. மர மோல்டிங் என்றால் பொருத்துவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதே அறையில் பிரித்துப் போட்டுவிடுங்கள்.

வாட்டம் 40 பாகைக்கு மேல். என்ன செய்யலாம்?

சரிவைத் தொடரவே வேண்டாம். தாழ்சுவரின் உயரத்திலேயே மோல்டிங்கை முக்கோணச் சுவர்களிலும் மட்டமாகச் சுற்றிவிடுங்கள். எல்லா மூலையும் சாதாரண 45 பாகை மூலையாகிவிடும். முக்கோணச் சுவரில் அதன் தலைக்கு மேல் சீலிங் இருக்காது. திறந்த பொந்தில் தூசி சேராமலிருக்க, நீட்டத்தைவிட 10 மி.மீ. அகலமான, 12 மி.மீ. தடித்த பலகையை மேல்மூடியாக வையுங்கள். தாழ்சுவரிலும் அதே மூடியை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் மூடி அந்தரத்தில் நின்றுபோகும். மூடியின் முன்விளிம்பு சீலிங்கில் இடிக்காது, பின்விளிம்புதான் இடிக்கும். அதனால் தாழ்சுவர் மூடியின் பின்விளிம்பை மட்டும் வாட்டக் கோணத்துக்குச் சரித்துச் சீவிக்கொள்ளுங்கள்.